மூடி போடக் கூடாது

ஜனவரி 19

கரைசல் செத்துவிட்டது.

நேற்றுவரை பச்சை. வெயிலில் பிடித்த கண்ணாடி பாட்டிலின் பச்சை. இன்று காலை வண்டியில் இருந்து வடித்த ஆயில் மாதிரி இருக்கிறது. செம்புத் தகட்டை உள்ளே போட்டு ஆட்டிக்கொண்டே இருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

இதை யாருக்கும் என்னால் ஒழுங்காக விளக்க முடிந்ததில்லை. கேட்பவர்கள் பாதியில் டீவியைப் பார்க்கப் போய்விடுவார்கள். இங்கே எழுதி வைக்கிறேன். போர்டின் மேல் முழுக்க மெல்லிய செம்பு ஒட்டியிருக்கும். எனக்கு வேண்டிய கோடுகளை லேசர் பிரிண்டரில் அடித்து, தம்பி தினகரின் அயர்ன் பாக்ஸால் அந்த மையைச் செம்பில் ஒட்டவைப்பேன். பிறகு பச்சைக் கரைசலில் போட வேண்டும். மை மூடாத செம்பையெல்லாம் அது தின்றுவிடும். மிஞ்சுகிற செம்பு மின்சாரம் போகும் வழி.

தின்று தின்று கரைசல் கறுக்கும். பலர் அதைக் கொட்டிவிட்டுப் புதிது வாங்குகிறார்கள். தேவையில்லை. மீன் தொட்டிக்கு வைக்கிற குட்டிப் பம்பு போதும். காற்றைக் குமிழ் குமிழாக விட்டு, கொஞ்சம் ஆசிட் சேர்த்தால் மறுபடியும் பச்சையாகும். தின்ற செம்பே அதற்குப் பலமாகிவிடும். ஒவ்வொரு முறையும் அளவு சற்றுக் கூடும். பயன்படுத்தினால் குறையாமல் பெருகுகிற பொருள் இந்த வீட்டில் இது ஒன்றுதான் என்று எழுத வந்தேன். இன்னொன்றும் இருக்கிறது.

பம்பைப் போட்டுவிட்டேன். மூடி போடக் கூடாது. உள்ளே போகிற காற்று வெளியே வர வேண்டும்.


ஜனவரி 20

பச்சை.

அம்மா துணி காயப்போட மாடிக்கு வந்தவள் அறைக்குள் எட்டிப் பார்த்தாள்.

“நேத்து சாக்கடையாட்ட இருந்துச்சு?”

“காத்து விட்டேன்.”

“வெறுங் காத்துலயா?”

“கொஞ்சம் ஆசிட்டும்.”

“மனுசனுக்கும் அப்பிடி ஒண்ணு இருந்தாத் தேவல.” தலையணை உறையை உதறினாள். முகத்தில் தண்ணீர் தெறித்தது. “ஒம்பதாந்தேதி பெங்களூர்க்காரங்க உன்னையப் பாக்க வர்றாங்க. அதுக்குள்ள இந்த ரூம்ப ஒதுங்க வெச்சிரு கண்ணு.”

கண்ணு என்று சொல்லிக்கொண்டே கழுத்தில் கை வைப்பது இந்த ஊருக்குத்தான் வரும்.


ஜனவரி 22

பத்தாம் தேதிக்குள் பன்னிரண்டு போர்டுகள். சென்னியப்பண்ணனுக்கு. கணபதியில் பட்டறை வைத்து மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டி செய்கிறார். கிணற்றில் தண்ணீர் வற்றினால் மோட்டாரைத் தானாக நிறுத்துகிற போர்டு என்னுடையது. கம்பெனியில் அடிக்கக் கொடுத்தால் நூற்றுக்கணக்கில் எடுக்கச் சொல்வார்கள். அவரோ வாரத்துக்கு ஒரு திருத்தம் சொல்கிறவர். அதனால்தான் என்னிடம் வந்தார். பன்னிரண்டும் ஓடினால் வருடம் முழுக்க என்னிடமே எடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

ஓடினால், எனக்கு ஒரு வேலை இருக்கிறது என்று சொல்லலாம். ஓடாவிட்டால், பெங்களூர்.

போன ஜூன் வரை ஒரு கம்பெனியில் இருந்தேன். அங்கே நான் வரைந்த முதல் போர்டின் மூலையில், செம்பிலேயே, மிகச் சிறியதாக என் பெயரைப் போட்டேன். எல்லோரும் செய்வதுதான். அச்சாகி வந்தபோது அந்த மூலை காலியாக இருந்தது. மேலாளரின் பெயர் இன்னொரு மூலையில் இருந்தது. கேட்டதற்கு, “இடம் பத்தலைம்மா” என்றார். என் பெயர் மூன்று எழுத்து. அவருடையது இனிஷியலோடு ஒன்பது.

அன்றைக்கு நான் கத்தவில்லை. அதைத்தான் இன்னும் கத்திக்கொண்டிருக்கிறேன்.


ஜனவரி 24

இந்த அறையின் அட்டாலியில், அதாவது பரணில், என் சீர்ப் பாத்திரங்கள் இருக்கின்றன. சுவருக்குச் சுவர். நான் ஆறாம் வகுப்பு படித்தபோதிலிருந்து அம்மா ஒவ்வோர் ஆடித் தள்ளுபடியிலும் வாங்கிச் சேர்த்தவை. குடம், குண்டா, சம்புடம், டம்ளர் செட். வாங்கியதும் கடையிலேயே பெயர் வெட்டச் சொல்வாள். ஊசி மெஷின் டர்ரென்று புள்ளி புள்ளியாக என் பெயரை எழுதும். நான் கேட்ட இடத்தில் என் பெயர் இல்லை. கேட்காத இத்தனை இடங்களில் இருக்கிறது.

இதில் ஒரு டம்ளரிலாவது யாரும் தண்ணீர் குடித்ததில்லை. என்னை அனுப்புகிற நாளுக்காகக் காத்திருக்கின்றன. அவற்றின் கீழே நின்றுதான் நான் வேலை செய்கிறேன்.

எவர்சில்வர் துருப்பிடிக்காது என்பது அம்மாவின் நம்பிக்கை. உப்பு அமிலத்தின் ஆவிக்கு அந்த நம்பிக்கை கிடையாது. இது வேதியியல். குறித்து வைக்கிறேன், அவ்வளவுதான்.

கத்தரிக்கோல் துருப்பிடித்துவிட்டது. ஜன்னல் கொக்கியும்.

கடைவீதியில் மூடியும் ஹோஸும் வாங்கினேன். மூடியில் ஓட்டை போட்டு ஹோஸைச் செருகி மறுமுனையை ஜன்னலுக்கு வெளியே விட்டால் ஆவி அறைக்குள் நிற்காது. நேரம் கிடைக்கும்போது பொருத்த வேண்டும்.


ஜனவரி 27

மூன்று போர்டுகள் சுத்தமாக வந்தன. துடைக்கத் துணி இல்லை. அட்டாலியின் இந்தப் பக்கத்தில், கரைசல் டப்புக்கு நேர் மேலே, ஒரு பாத்திர மூட்டை. பழைய வேட்டியால் கட்டியிருந்தது. வேட்டியை அவிழ்த்து எடுத்துக்கொண்டேன். நல்ல பருத்தி. நன்றாக உறிஞ்சுகிறது.

கரைசல் மறுபடி கறுத்தது. பம்பு.

ஹோஸ் பொருத்த நேரமில்லை.


ஜனவரி 29

தினகர் வந்தான். தம்பி. என்னைவிட இரண்டு வயது சின்னவன். அவன் காதலிக்கும் பெண்ணின் வீட்டில் அவசரப்படுத்துகிறார்களாம்.

“மூத்தவ நீ இருக்கறப்ப எனக்கு எப்பிடிக்கா பேசுவாங்க?”

“பேசச் சொல்லு. நான் வாயப் பொத்துனனா?”

“நீ போனாத்தான எனக்கு வழி.”

“வழி வாசல்ல இருக்குது. போ.”

“இந்த ரூம்புக்கு ஏசி போடறதுக்கு ஆள் வரச் சொல்லிட்டேன்.”

“ஆருக்கு?”

அவனுக்கும் அவன் கட்டப்போகிறவளுக்கும். இருமினான். “இந்த நாத்தத்துல எப்பிடித்தான் கெடக்கறயோ. உன்ற பச்சத் தண்ணிய ஒரு நாளைக்கு எடுத்து வீசிப்போடுவேன் பாரு.”

“சாக்கடைல ஊத்துனா செம்பு போயி கொளத்து மீனெல்லாம் செத்துரும். வீசோணும்னா உன்ற தலைல ஊத்திக்க.”

போகும்போது அயர்ன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போனான். அதன் அடியில் என் மை ஒட்டியிருந்தது. நாளைக்கு அவனுடைய வெள்ளைச் சட்டையில் சர்க்யூட் விழும். சொல்லவில்லை.


பிப்ரவரி 1

மூடி போடவில்லை. ஹோஸ் கட்டிலுக்கு அடியில்.


பிப்ரவரி 3

சென்னியப்பண்ணன் போனில்:

“பாப்பா, அந்த ரிலே இருக்குதல்ல, அதச் சித்தெ எடது பக்கமா நகத்தோணும். பெட்டி மூடி இடிக்குது.”

“ஆறு போர்டு முடிச்சுட்டேனுங்ணா.”

“அந்த ஆறுக்கு மூடிய நான் தட்டிக்கறேன். மிச்சம் ஆற நகத்திரு. பத்தாந்தேதி திருப்பூர்க்காரரு நேர்ல வர்றாரு. அவரு முன்னால ஓடோணும்.”

மறுபடி வரைந்து, தினகருக்குத் தெரியாமல் எடுத்து வந்த அயர்ன் பாக்ஸால் ஒட்டவைத்தேன். கோபம் வரவில்லை. அவர் நகர்த்தச் சொன்னது ரிலே என்கிற அந்தச் சுவிட்சைத்தான், என்னை அல்ல.

கரைசல் டப்பின் விளிம்புவரை வந்துவிட்டது. இன்னொரு டப் வேண்டும். சாப்பிடும்போது அம்மாவிடம் சொன்னேன். “பிளாஸ்டிக் டப் ஒண்ணு வாங்கோணும், எடம் பத்தல.” அவள் ரசத்தைக் கலக்கிக்கொண்டிருந்தாள். காதில் விழுந்ததா தெரியவில்லை.


பிப்ரவரி 6

எழுதிவிட வேண்டும்.

காலையில் அம்மா ஸ்டூலோடு மேலே வந்தாள். வருகிறவர்களுக்குக் காட்ட குத்துவிளக்கும் கொஞ்சம் பாத்திரமும் இறக்கித் தேய்த்து வைக்க வேண்டுமாம். ஏறினாள். நான் ஒரு போர்டில் துளை போட்டுக்கொண்டிருந்தேன். ட்ரில்லை நிறுத்தவில்லை.

பிறகு மேலே பாத்திரச் சத்தம் நின்றது. திரும்பிப் பார்த்தபோது அவள் ஸ்டூலின் மேல் நின்றபடி ஒரு குடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். குடத்தின் தோளெல்லாம் பழுப்புப் புள்ளி. அம்மை போட்ட மாதிரி. அடுத்து ஒரு டம்ளர். அதுவும். குத்துவிளக்கு பாசி பிடித்த பச்சை.

ஒவ்வொன்றாகக் கீழே கொடுத்தாள். நான் வாங்கி வரிசையாகத் தரையில் வைத்தேன். அவள் முகத்தைப் பார்க்கக் காத்திருந்தேன் என்பதுதான் உண்மை. இத்தனை நாள் எனக்குள் சேர்ந்ததை அவள் முகத்தில் பார்க்க வேண்டும்.

டம்ளரைத் திருப்பினேன். வாய்க்குக் கீழே புள்ளி எழுத்து.

மா. சுலோசனா.

அடுத்த டம்ளர். மா. சுலோசனா. குடம். குண்டா. பெரிய அண்டா. எல்லாவற்றிலும் அம்மாவின் பெயர். மாரப்பனின் மகள் என்கிற பழைய இனிஷியலோடு.

“இது என்ற சீருன்னு சொன்னியே.”

“உன்றது அந்தப் பக்கம் இருக்குது. பொட்டில போட்டு டேப் ஒட்டியிருக்குது.” ஸ்டூலிலிருந்து இறங்கினாள். “இது எம்பட சீரு.”

“எதுக்கு இங்க கெடக்குது?”

“நான் கல்யாணமாகி வந்தன்னைக்கு உங்கொப்பா ஏத்துனாங்க. இந்த வீட்டுல இருக்கற பாத்தரமே போதும், உன்ற ஊட்டுப் பவுசெல்லாம் இங்க வேண்டாம்னாங்க.”

“அப்பா போயித்தான் பத்து வருசமாச்சு. அப்பறமாச்சும் எறக்கியிருக்கலாமல்ல?”

இதற்கு அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். விரல் நகத்தால் ஒரு பழுப்புப் புள்ளியைச் சுரண்டிப் பார்த்தாள். அது அழுக்கல்ல, பள்ளம். போகாது.

“எறக்கியிருக்கலாம்,” என்றாள்.

பிறகு மேசையைப் பார்த்தாள். நான் போர்டு துடைக்கிற துணி. அங்கங்கே ஓட்டை விழுந்து, பச்சைக் கறையோடு.

“அது எங்கய்யன் வேட்டி.”

தாத்தாவின் வேட்டி. எடுத்து மடிக்கப் பார்த்தேன்.

“மூட்டைய எதுக்குக் கண்ணு அவுத்தே?”

பம்பு குமிழ் விட்டுக்கொண்டே இருந்தது.

அவள் போன பிறகு அந்தப் பக்கத்துப் பெட்டி ஒன்றைக் கிழித்துப் பார்த்தேன். வே. கௌசிகா. வே. கௌசிகா. வே. கௌசிகா. ஒரு புள்ளி இல்லை. என் முகம் தெரிகிறது.


பிப்ரவரி 7

ஹோஸைக் கையில் எடுத்தேன். அட்டாலியில் காப்பாற்ற இனி என்ன இருக்கிறது என்று கீழே போட்டேன்.

செம்பு ஒட்டிய வெற்று அட்டை வாங்கக் காந்திபுரம் போய்விட்டு மத்தியானம் தாண்டித் திரும்பினேன். மாடிப்படியில் ஏறும்போதே காலில் ஈரம். அறைக்குள்ளிருந்து வெளிறிய தண்ணீர் ஒழுகி வந்திருந்தது.

டப் காலி. நடு அறையில் அம்மாவின் அண்டா. உள்ளே என் கரைசல். என்னுடைய கரைசல் என்று சொல்ல ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை. பச்சை போய், அடியில் சிவப்புச் சேறு. கரைசலில் இருந்த செம்பெல்லாம் அண்டாவின் மேல் ஏறிவிட்டது. எவர்சில்வர் அண்டா உள்ளே செம்பு அண்டா ஆகியிருந்தது. அண்டாவின் அடியைக் கரைசல் தின்றிருந்தது. அடி வளைவில் ஊசி ஓட்டைகள். அவற்றின் வழியாகத்தான் ஒழுக்கு.

கத்தினேன். தெருவுக்கே கேட்டிருக்கும். “தினகரூ!”

பனியனோடு ஓடி வந்தான். “நான் தொடவே இல்லக்கா! சாமி சத்தியமா!”

“பின்ன ஆரு? உன்ற ஏசிக்காரனா?”

“நாந்தான்,” என்றாள் அம்மா. அவனுக்குப் பின்னால் நின்றிருந்தாள். “டப்பு பத்தலைன்னு சொன்னியல்ல. பொங்கி வழியறாப்ல இருந்துச்சு. அண்டா சும்மா கெடந்துது. இருக்கறதுலயே பெருசு அதுதான். ஒரு நாளைக்காச்சும் அதுல ஏதாச்சும் ஒண்ணு வெக்கலாம்னு...”

“அது இரும்பத் தின்னும்மா! பிளாஸ்டிக் டப்புன்னு சொன்னேன். பிளாஸ்டிக்!”

“நல்ல பாத்தரமாச்சேன்னுதான் ஊத்துனேன்.”

கீழே ஓடிப்போய்க் கோலப்பொடிப் பொட்டலத்தைக் கொண்டுவந்து ஒழுக்கின் மேல் கொட்டினாள். அது புஸ்ஸென்று நுரைத்தது. சரியான காரியம்தான், அது ஆசிட்டை அடக்கும். யார் சொல்லிக் கொடுத்தார்கள்? யாரும் இல்லை. தரையில் ஈரம் இருந்தால் எதையாவது கொட்டுவாள்.

இன்னும் ஆறு போர்டுகள். கரைசல் இல்லை. மூன்று நாள்.

தெரியாமல் செய்தாளா, தெரிந்தே செய்தாளா. நல்ல பாத்திரத்தில் வைப்பதுதான் மரியாதை என்று நினைக்கிறவள்தான் அம்மா. ஆனால் நேற்று அந்தப் பள்ளத்தை நகத்தால் தொட்டுப் பார்த்தவளும் அவள்தான். கேட்கவில்லை. கேட்டால் அவளும் கேட்பாள்.


பிப்ரவரி 8

புதிதாகத் தொடங்க வேண்டும். ஆசிட், மருந்துக்கடையில் பெராக்சைடு. அவற்றுக்குத் தின்ன செம்பு. எனக்கு அட்டையை வீணாக்க மனமில்லை. சென்னியப்பண்ணனின் பட்டறைக்குப் போனேன். மூலையில் எரிந்துபோன மோட்டார் காயில்கள் குவிந்து கிடந்தன.

“எதுக்கு பாப்பா?”

“கரைசலுக்குத் தீனி போடோணுங்ணா.”

“நேத்து வரைக்கும் இருந்துச்சே?”

“எங்கம்மா அண்டாவுல ஊத்திட்டாங்க.”

அவர் சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினார். ஒரு காயிலை எடுத்து, வார்னிஷ் போக நெருப்பில் காட்டி, கம்பியைச் சுருட்டிக் கொடுத்தார்.

மொட்டை மாடியில், திறந்த வெளியில், புது டப்பில் கலந்தேன். முதலில் பச்சைத் தண்ணீர் மாதிரியே இல்லை, வெறும் தண்ணீர். கம்பியைப் போட்டேன். மெல்ல, ஓரத்திலிருந்து, பச்சை.

அம்மா கைப்பிடிச் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“காத்து வேண்டாமா?”

“அப்பறம்.”

“மூடி?”

நான் பார்த்தேன். அவள் துணி எடுக்கத் திரும்பிக்கொண்டாள்.


பிப்ரவரி 9

வந்தார்கள். நாலு பேர். மாப்பிள்ளை, அவனுடைய அம்மா அப்பா, ஒரு சித்தி.

காலை முழுக்க மாடியில் போர்டு ஆட்டிக்கொண்டிருந்தேன். விரல்கள் பச்சை. சோப்பு போட்டும் போகவில்லை. சேலை கட்டிக்கொண்டு அந்தக் கையோடு போய் உட்கார்ந்தேன்.

“ஏதோ வாசம் வருதுங்களே,” என்றாள் சித்தி.

மாப்பிள்ளை உதவிக்கு வந்தான். “பாத்ரூம் க்ளீன் பண்ணீங்களா ஆன்ட்டி?”

“இல்லீங். பொண்ணு மாடில ஆசிட் வேல செய்யறா,” என்று அம்மா சமையலறையிலிருந்து சொன்னாள்.

மாப்பிள்ளையின் அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். “எங்களுக்கு வேலைக்குப் போகோணும்னெல்லாம் இல்லீங் அம்மிணி. சும்மா இருந்தாலே போதும். எங்கூட்டுல எல்லாமே இருக்குது.”

எல்லாமே இருக்கிறது. இருக்கிற பாத்திரமே போதும். வாயைத் திறந்தேன். அதற்குள் அம்மா தட்டோடு வந்துவிட்டாள்.

காபி. புள்ளி விழுந்த டம்ளர்களில்.

தினகர் பாதி எழுந்தான். “அம்மா, புதுசு பொட்டி நெறைய...”

“உக்காரு.”

அவன் உட்கார்ந்தான். அம்மா ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தாள். மாப்பிள்ளையின் அம்மா டம்ளரைத் தூக்கிப் பிடித்து, திருப்பிப் பார்த்தார்.

“என்னுங் இது, துருவுங்களா?”

“ஆமாங்.”

“எவர்சில்வர்ல எப்பிடிங் துரு வரும்?”

“சும்மா இருந்தா வருமுங்,” என்றாள் அம்மா. குரல் உயரவில்லை. “எம்பட சீருங் இது. நான் வந்த நாள்ல இருந்து அட்டாலில சும்மாதான் இருந்துச்சு. எங்கூட்டுலயும் எல்லாமே இருந்துச்சுங்க. இன்னைக்குத்தான் எறக்குனேன். குடிங்க.”

யாரும் குடிக்கவில்லை. மாப்பிள்ளையின் அப்பா மட்டும் ஒரு வாய் வைத்துவிட்டு மனைவியைப் பார்த்துக் கீழே வைத்தார். கலந்து பேசிவிட்டுச் சொல்கிறோம் என்று கிளம்பினார்கள்.

கார் திரும்பியதும் தினகர் வெடித்தான். “வேணும்னே பண்ணிட்டீங்கல்ல, ரெண்டு பேரும் சேந்து? எம்பட பொழப்பு?”

“நீ உன்ற கல்யாணத்தப் பேசு. நான் வந்து பேசறேன் அவங்ககிட்ட. உங்கக்கா இருந்தா இருக்கட்டும். மூத்தவ இருக்கக் கூடாதுன்னு எங்கயும் எழுதல,” என்றாள் அம்மா.

“ரூம்பு?”

“கீழ என்ற ரூம்ப எடுத்துக்க. மேல அவ காலி பண்ண மாட்டா.”

நாங்கள் சேர்ந்து எதையும் செய்யவில்லை. அவனிடம் அதைச் சொல்லவில்லை.

அம்மா மிஞ்சிய காபியை ஒரு டம்ளரில் ஊற்றிக்கொண்டு படியில் உட்கார்ந்து குடித்தாள். முகத்தைச் சுளித்தாள்.

“ஆணி நக்குனாப்ல இருக்குது,” என்றாள். முழுக்கக் குடித்தாள்.


பிப்ரவரி 10

தினகர் பேசாமல் வண்டியை எடுத்தான். வெள்ளைச் சட்டை. முதுகில், தோளுக்குக் கீழே, என் ரிலேயின் கோடுகள் லேசாக. கணபதிவரை அதைப் பார்த்துக்கொண்டே போனேன்.

திருப்பூர்க்காரர் முன்னால் ஒவ்வொன்றாக மாட்டினார் சென்னியப்பண்ணன். தண்ணீர் வாளியில் ஒயரை வைத்தால் மோட்டார் ஓடுகிறது. வாளியைக் கவிழ்த்தால் நிற்கிறது. ஓடுகிறது, நிற்கிறது. பன்னிரண்டும்.

“சரி பாப்பா. அடுத்த மாசத்துக்கும் போடு. ஒண்ணே ஒண்ணு. ஓரத்துல என்னமோ பேரு இருக்குதே, கௌசிகான்னு. அது மேல ஸ்க்ரூ ஏறுது. அத நகத்திரு.”

வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரைத் திறந்தேன். ஸ்க்ரூவை நகர்த்தினேன்.


பிப்ரவரி 12

அம்மா புள்ளி விழுந்த டம்ளர்களை அடுப்படி அலமாரியில் முதல் வரிசையில் அடுக்கியிருக்கிறாள். மூட்டையை ஏன் அவிழ்த்தாய் என்று மறுபடி கேட்கவில்லை.

மூடியில் ஓட்டை போட்டு ஹோஸைப் பொருத்தி ஜன்னலுக்கு வெளியே விட்டேன். நேரமில்லை என்று தள்ளிப்போட்ட வேலை, படியில் வைத்திருந்த காபி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.